அந்த வெள்ளையில் ரத்தம் ஓடுகிறதா?

அன்பான அருள், என் தம்பிப் பயலே,

"ஏக்கா, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சயின்ஸ் நடத்துனியே. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த வெள்ளை உசிரோட இருக்கா, செத்துப்போச்சா?" மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ கேட்டது. மூளைப் புற்றுக்கட்டியை அறுத்தெடுத்து, கதிர்வீச்சும் கொடுத்து முடித்திருந்தார்கள். அதே இடத்தில் புதிதாக ஒரு வெள்ளைத் திட்டு ஸ்கேனில் தெரிந்தது.

நான் வாய் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார். "திரும்ப வந்துருச்சுப்பா. இனி எதுக்கு அலைச்சல்? வீட்டுல நிம்மதியா கெட."

"வரிசையில எனக்கு முன்னாடி நீங்கதான் நிக்கிறீங்க சித்தப்பா. என்னைய முன்னால தள்ளாதீங்க" என்றாய். நர்ஸம்மாகூடச் சிரித்துவிட்டார்.

உன் ஜீப்பை வைத்தே சொன்னேன். மலைப்பாதையில் நிற்கிற வண்டியும் ஓடுகிற வண்டியும் ஒற்றை போட்டோவில் ஒன்றுபோலத்தான் இருக்கும். அடுத்தடுத்துப் பல எடுத்தால்தான் எது ஓடுகிறதென்று தெரியும். கையில் ஒரு மருந்தை ஏற்றி, அது ரத்தத்தோடு மூளைக்குள் பாய்வதை எம்.ஆர்.ஐ. அப்படித்தான் படம் பிடிக்கும். புற்றுக்கட்டி பெரும்பசிக்காரன், புதுப் பாதை வெட்டி ரத்தத்தை இழுப்பான். கதிர்வீச்சில் வெந்த சதையில் அவ்வளவு ஓட்டம் இருக்காது. சாதா ஸ்கேனில் இரண்டும் வெள்ளை.

அப்படி எடுத்த படத்தை டாக்டர் வண்ணத்தில் காட்டினார். ஓட்டம் மிகுந்த இடம் சிவப்பு. உன் திட்டு நீலம். "பெரும்பாலும் வெந்த சதைதான். ஆனா விடாம பாத்துக்கிட்டே இருப்போம்" என்றார்.

மதுரையிலிருந்து நம் ஊருக்கு மலையேறியதும் நீ வீட்டுக்கா வந்தாய்? நேரே ஜீப் ஸ்டாண்டுக்குப் போனாய். நீ ஓட்டக் கூடாதென்று டாக்டர் சொன்னதால் உன் ஜீப்பை டிரைவர் முருகன் ஓட்டினாலும், ஸ்டாண்டில் சவாரி ஏற்றும் முறையான டர்ன் உன் பெயரில்தான் இருந்தது. கட்டி திரும்ப வந்துவிட்டதென்று சேதி கேட்டு அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"ஏலே, நான் இன்னும் சாகலடா! யாரக் கேட்டு மாத்துனீங்க?"

"சும்மாதாண்ணே மாத்துனோம்."

"சும்மான்னா ஒன் டர்ன மாத்த வேண்டியதுதான?"

நீ போட்ட சத்தம் ஏரிவரை கேட்டிருக்கும்.

அந்த பிளம்ஸ் சீசன் முழுக்க முருகன் பக்கத்தில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு அவனை அதட்டினாய். பிறகு வேறோர் இடம் சிவந்தது. அதையும் அந்தப் படம் ஒளிக்காமல்தான் சொன்னது. நீ போய்விட்டாய், கட்டி ஜெயித்துவிட்டதாகச் சித்தப்பா இன்றும் சொல்கிறார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த சீசனை அதனால் உன்னிடமிருந்து பிடுங்க முடிந்ததா?

நேற்று என் பழைய மாணவி பாத்திமா அட்டுவம்பட்டியிலிருந்து வந்தாள். அவள் கணவனுக்கும் உன் வியாதிதான். அவனுக்கும் இப்போது ஒரு வெள்ளைத் திட்டு.

"திரும்ப வந்துருச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க டீச்சர்."

"எல்லாரும்னா? டாக்டரா, ஒன் மாமியாரா?"

"மாமியார்தான். டாக்டர் ரத்த ஓட்டம் பாக்கணும்னாரு. இவரு வர மாட்டேங்கிறாரு."

"நாளைக்கு வெள்ளனே கெளம்பி நில்லுங்க. நானும் வர்றேன். எங்கிட்ட சொல்லட்டும், வர மாட்டேன்னு."

போகிறேன் அருள். நீலமோ சிவப்போ, பார்த்த பிறகுதான் அழுவதா வேண்டாமா என்று முடிவு செய்வோம். அதற்குமுன் ஒருவரும் அவனைக் கைகழுவ விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னும் சண்டைக்கு நிற்கும்
மேரியக்கா

இதை வாசிப்பவர்களுக்கு: கட்டைவிரல் நகத்தை வெளுக்கும்வரை அழுத்துங்கள், பிறகு விரலை எடுத்துவிட்டு, ரத்தம் ஓடி வந்து நிறம் திரும்பும்வரை கண்ணை எடுக்காமல் பாருங்கள்.