நந்தனம் சிக்னலில் ஒரு சம்பந்தி

ஓய்,

இன்று காலை அலுவலகம் கிளம்பும்போது பேன்ட்டின் வலது காலை மடித்துவிட மறந்துபோனேன். ஆழ்வார்பேட்டை தாண்டியதும்தான் பார்த்தேன். கணுக்கால் பக்கம் சைக்கிள் செயினின் கறுப்புக் கறை நீளமாக இழுத்திருந்தது. ஓரமாக நிறுத்திவிட்டுக் குனிந்து துடைத்தபோது விரலில் தையல் மிஷின் எண்ணெய் வாசனை. நீர் சொல்லி வாங்கிய எண்ணெய் அது. "செயினுக்கு எண்ணெய் விடுதது தலைக்குத் தேய்ச்சுக் குளிக்குத மாதிரி இல்ல வே, ஒரு சொட்டு போதும்" என்பீர். நான் எந்நாளும் கேட்டதில்லை. தாராளமாக ஊற்றுவேன், அது பேன்ட்டில் வந்து சேரும். "பேசாம எல்லாத்தையும் கறுப்பு பேன்ட்டாவே தெச்சுண்டுடுங்கோளேன்" என்று என் மனைவி சொல்வதும் நின்றபாடில்லை.

தெருவோரம் ஒரு மனுஷன் தன் விரலை முகர்ந்துகொண்டு நிற்பதை ஸ்கூட்டரில் போன பெண் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். போகட்டும். உம்மிடம் சொல்லவேண்டிய நன்றி ஒன்று பாக்கி நிற்கிறது. நீர் இருந்தபோது அது எனக்கே தெரியாது. தெரிந்தபோது நீர் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் உறவானது பிள்ளைகளால். என் மகள் உம் மகனை விரும்பினாள். மயிலாப்பூரை விட்டு நகராத எங்கள் குடும்பத்துக்கும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக்கடை வைத்து அடையாற்றில் வீடு கட்டிய உங்கள் குடும்பத்துக்கும் கல்யாணப் பந்தியின் சாம்பாரில்கூட ஒத்துப்போகவில்லை. நாம் இரண்டு பேரும் மட்டும் கைகூப்பிக்கொண்டே இருந்தோம். "சம்பந்தி சாப்ட்டீங்களா?" "ஆச்சு, நீங்க சாப்ட்டீங்களா சம்பந்தி?" இதற்கு மேல் நமக்குள் ஒரு வார்த்தை கிடையாது. இந்த மனுஷனோடு ஆயுசு முழுக்க இப்படியே பேசிக்கொண்டிருக்க வேண்டுமா என்று எனக்கு அலுப்பாக இருந்தது உண்மை.

அந்த வருஷப் பொங்கல் சீர்தான் எல்லாவற்றையும் மாற்றியது. பெண் வீட்டார் சீர் கொண்டுவருவது உங்கள் பக்கத்து வழக்கம். பாத்திரக்கடை முதலாளிக்கு வெண்கலப் பானையைச் சீராகக் கொடுக்கவேண்டும் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. என்ன விலைக்கு ஏமாந்தேன் என்பதைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவீரே என்று கவலையும் வந்தது. பானை, அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து எல்லாம் காரின் பின்சீட்டில். கரும்பு மட்டும் உள்ளே அடங்காமல் ஜன்னல் வழியே தோகையை நீட்டிக்கொண்டு வந்தது. அடையாறு பாலத்தின் நடுவில் போக்குவரத்து அப்படியே உறைந்துவிட்டது. முன்னாலும் போகமுடியாது, பின்னாலும் வரமுடியாது. ராகுகாலம் தொடங்குவதற்குள் சீர் உங்கள் வீட்டுப் படியேற வேண்டும். பக்கத்தில் என் மனைவி கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறி முறைத்தாள். ஏதோ நான்தான் பாலத்தை மறித்துக்கொண்டு நிற்பதுபோல.

உமக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். எந்த இடத்தில் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டீர். கொஞ்ச நேரத்தில் கார்களுக்கு நடுவே ஒரு கறுப்பு சைக்கிள் வளைந்து வளைந்து வந்தது. மடித்துக் கட்டிய வேட்டி, நெற்றியில் வேர்வை. "சீரு நேரத்துக்கு வீட்டுக்குப் போவணும், அம்புட்டுதான சம்பந்தி? நீங்க பைய வாங்க" என்று சொல்லிவிட்டு, பானையைக் கேரியரில் வைத்துக் கட்டினீர். கரும்பைச் சைக்கிள் பாரோடு சேர்த்துப் பிணைத்தீர். "வாங்கிக்கறவாளே வந்து சீரை எடுத்துண்டு போறதாவது!" என்று என் மனைவி பதறுவதற்குள் நீர் பாலத்தைத் தாண்டிவிட்டீர். நாங்கள் வந்து சேர்ந்தபோது பானை உங்கள் பூஜையறையில் இருந்தது. நீரோ குளித்து, திருநீறு பூசி, ஒன்றுமே நடக்காதவர்போல வாசலில் நின்று, "வாங்க சம்பந்தி, வாங்க" என்று கைகூப்பினீர். நான் அங்கேயே விழுந்து விழுந்து சிரித்தேன். என் மனைவி இன்றுவரை சிரிக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் நான் சைக்கிள் வாங்கினேன். என் ஆடிட்டர் அலுவலகம் பனகல் பார்க் பக்கம். அங்கே கார் நிறுத்த இடம் தேடுவதே தனி உத்தியோகமாக இருந்தது. நீர் அடையாற்றிலிருந்து கோட்டூர்புரம் வழியாகக் கடைக்கு வருவீர். நான் மயிலாப்பூரிலிருந்து வருவேன். நந்தனம் சிக்னலில் சந்தித்து, வெங்கட்நாராயணா சாலையில் சேர்ந்து போவதென்று ஏற்பாடு.

முதல் நாள் மானம் போனது ஞாபகம் இருக்கிறதா? பச்சை விழுந்தது. "நீங்க முன்னாடி போங்க சம்பந்தி" என்றேன். "அது முறையில்ல, பொண்ணு குடுத்தவங்க நீங்க, முன்னால போங்க" என்றீர். "ஐயோ, நீங்க மாப்பிள்ளை வீடு" என்றேன். பின்னால் பஸ், வேன், ஆட்டோ எல்லாம் ஒரே சமயத்தில் ஹாரன் அடித்தன. ஓர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "இன்னா பெர்சு, கல்யாண வூட்டுப் பந்தியா இது? நீ குந்து நீ குந்துன்னுக்கினு கீறீங்க! போய்க்கினே இருய்யா!" என்று கத்தினார். நாம் கிளம்புவதற்குள் சிவப்பு விழுந்துவிட்டது. அவர் சொன்ன மற்றதை இங்கே எழுத முடியாது.

அன்று டீக்கடையில் நீர் சட்டம் போட்டீர். "சைக்கிள்ல ஏறி உக்காந்துட்டா சம்பந்தியும் கிடையாது, மருவாதியும் கிடையாது. நீரு, நானு. என்ன வே?" எனக்கும் வாயில் தானாக "சரி ஓய்" என்று வந்தது. என் கூடப் படித்தவர்களோடு விட்டுப்போன வார்த்தை அது. அதிலிருந்து முன்னால் போகிறவர் குரல் கொடுப்பார், பின்னால் வருகிறவர் கேட்டு நடப்பார். "பள்ளம்!" "பஸ்ஸு!" "காரு கதவு!" மெட்ரோவுக்காகத் தடுப்பு வைத்துப் பாதையை ஒடித்து ஒடித்துத் திருப்பிவிட்ட நாட்களில் உம் குரலை நம்பியே பாதி தூரம் வந்திருக்கிறேன். இறங்கிப் பூட்டுப் போட்டதும் மறுபடி "வரட்டுமா சம்பந்தி", "போய்ட்டு வாங்க சம்பந்தி". இந்தக் கூத்தைப் பார்த்து டீக்கடைக்காரர் நம்மைப் பற்றி என்ன நினைத்தாரோ தெரியாது.

எவ்வளவு பேசியிருக்கிறோம் ஓய்! உம் சர்க்கரை, என் முட்டி, உங்கள் ஊர் ஆற்றுத் தண்ணீர், எங்கள் குளத்தில் தண்ணீர் நிற்காதது, எவர்சில்வரில் எது அசல். காரில் போன காலத்தில் இந்தச் சாலையில் மரம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. மழை முடிந்த காலையில் உதிர்ந்து கிடக்கும் பூவின்மேல் டயர் ஏறாமல் நீர் வளைத்துப் போவதைப் பின்னாலிருந்து பார்த்துக் கிண்டல் செய்திருக்கிறேன். மறுநாள் நானும் வளைத்துத்தான் போனேன்.

பிறகு பிள்ளைகள் பிரிந்தார்கள். சண்டை போட்டிருந்தால்கூட நாம் நடுவில் புகுந்து சமாதானம் பேசியிருப்போம். அவர்களுக்குள் பேச்சே வற்றிப்போயிருந்தது. என் மகள் பெட்டியோடு மயிலாப்பூர் வந்து சேர்ந்தாள். நம் வீட்டுப் பெண்மணிகள் இருவரும், யார் பிள்ளைமேல் தப்பு என்று போனில் பேசி, கடைசியில் ஒருவருக்கொருவர் போனே செய்யாமல் ஆனார்கள். கோர்ட்டில் தீர்ப்பான அன்று நாம் இரண்டு பேரும் தூணுக்கு ஆளுக்கொரு பக்கமாக நின்றோம்.

மறுநாள் காலை நான் காரை எடுத்தேன். இனி என்ன முகத்தோடு உம் எதிரே வந்து நிற்பது? உம்மை என்னவென்று கூப்பிடுவது? மகள் கையெழுத்துப் போட்டுவிட்டாள், நம் உறவும் அதோடு சேர்ந்து போயிற்று என்றுதான் நினைத்தேன். அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று வீட்டில் காட்டிக்கொள்ளவும் முடியவில்லை. பிள்ளையின் வாழ்க்கை இப்படி நிற்கும்போது, சிநேகிதம் போயிற்றே என்று அழுகிற அப்பனை யார் மதிப்பார்கள்? நந்தனம் சிக்னலில் கண்ணாடியை முழுக்க ஏற்றி, நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீர் வழக்கமான இடத்தில் ஒற்றைக் காலை ஊன்றி நிற்பது கடைக்கண்ணில் தெரிந்தது.

டொக் டொக்கென்று கண்ணாடியைத் தட்டினீர். இறக்கினேன்.

"என்ன வே, கண்ணாடிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா எனக்குத் தெரியாதாக்கும்?"

நீர் ஹாண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்: "பிள்ளைக ரெண்டும் கையெழுத்துப் போட்டுட்டுதுக. சரி. அதுகளுக்கு அதான் நல்லதுன்னா இருக்கட்டும். நீரும் நானும் எங்க வே கையெழுத்துப் போட்டோம்? நாளைக்குச் சைக்கிள்ல வாரும்."

பச்சை விழுந்தது. நீர் போய்விட்டீர். எனக்கு முன்னால் இருந்த வண்டிகள் எல்லாம் போன பிறகும் நான் கிளம்பவில்லை. பின்னால் நின்றவர்களிடம் வாங்கிய வசவு நியாயமானதுதான்.

மறுநாள் வந்தேன். அதற்குப் பிறகு ஒருநாள்கூட அந்தப் பேச்சை நாம் எடுத்ததில்லை. ஒரே ஒருமுறை, டயரில் காற்றைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டு, "உம்ம மக நல்லாருக்கால்லா?" என்று கேட்டீர். "இருக்கா" என்றேன். "அது போதும்" என்றீர். என் வீட்டில், "அவா யாரு நமக்கு, இன்னும் என்ன சேர்ந்து போறது வேண்டிக்கெடக்கு?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பார்கள். காரை நான் அந்த வருஷமே விற்றுவிட்டேன்.

போன ஆவணியில் ஒரு காலை நீர் வரவில்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. மழைக்குப் பயப்படுகிற ஆள் இல்லையே என்று நின்றேன். போன் அடித்தது. உம் மகன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்தக் குரல். "மாமா... அப்பா விடியக்காலம் தவறிட்டாங்க. தூக்கத்துலயே. நீங்க சிக்னல்ல காத்துக்கிட்டு நிப்பீங்க, மொதல்ல உங்களுக்குச் சொல்லுன்னு அம்மாதான் சொன்னாங்க."

கோட்டூர்புரம் பாலம் வழியாக எப்படி வந்தேன் என்று தெரியாது. உங்கள் வீட்டுக்கு எதிரே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். உள்ளே உறவுக்காரர்கள் முறைப்படி மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே என்ன முறை? நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர் வந்து, "ஐயா யாரு? என்ன வேணும் நீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அழுது வீங்கிய கண்ணோடு உம் மனைவி வாசலுக்கு வந்தார்கள். கோர்ட்டுக்குப் பிறகு என் முகத்தைக்கூடப் பார்க்காதவர்கள். "எதுக்கு அங்கனயே நிக்கிய? உள்ள வாங்க. இன்னும் ஏன் அந்த மயிலாப்பூர்க்காரரு கூடயே போறியன்னு இவுகள நான் ஏசுவேன். அவரு பின்னால வந்தா எனக்கு ரோட்டுல ஒரு பயமும் இல்லட்டீன்னு சொல்லுவாக" என்றார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. நான் வெறுங்கையோடு வந்தவன். உம் மகன் தன் கையிலிருந்த மாலையை என்னிடம் கொடுத்தான்.

வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது என் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் இப்போது நன்றாக இருக்கிறாள் ஓய், வேலையும் சிரிப்புமாக. அன்று மட்டும் அழுதிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, கோர்ட்ல கையெழுத்து போடறச்சே எனக்கு என்னைப் பத்திகூட கவலை இல்லை. உங்களுக்குன்னு இருந்த ஒரே ஃப்ரெண்டை நான் பறிச்சுட்டேனேன்னுதான் இருந்தது. மறுநாள் நீங்க கார் சாவியை எடுத்துண்டு போனேள் பாருங்கோ, பாத்ரூமுக்குள்ள போய் அழுதேன். அதுக்கடுத்த நாள் கீழ சைக்கிளைத் துடைக்கற சத்தம் கேட்டது. அப்புறந்தாம்ப்பா எனக்கு மூச்சே வந்தது."

நீர் கண்ணாடியைத் தட்டியது எனக்காக என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெண் தன் தலையில் சுமந்திருக்க வேண்டிய ஒரு பாரத்தை அன்று நீர் இறக்கி வைத்திருக்கிறீர். இதை உமக்குச் சொல்லியிருந்தால், "சும்மா கிடையும் வே" என்றிருப்பீர். இப்போது சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளும். என் மகள் நிம்மதியாக இருக்கிறாள். நன்றி சம்பந்தி.