அடக்கி வைக்காதே

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம், நீ அங்கே உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு எப்போதும் நினைப்பு. போனில் பேசுகிற காலத்தில் அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். விஷயம் அப்படி. வாயால் சொன்னால் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன், சொல்ல வேண்டியது நின்றுபோகும். மூன்று நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். தங்கியிருக்கிற வீட்டில் எல்லாப் பெண்களுக்கும் சேர்த்து ஒரே பாத்ரூம், வெளியே ஆள் நிற்பது தெரிந்தால் வருவதும் நின்றுவிடுகிறது, அதனால் போகாமலே வேலைக்கு ஓடிவிடுகிறேன் என்றாயாம். அம்மா இதை என்னிடம் சொல்லிவிட்டு, உங்க பொண்ணாச்சே, வேற எப்படி இருப்பா என்றாள். அந்த வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம்.

நம் சலூனில் பாத்ரூம் கிடையாது, உனக்குத் தெரியும். பக்கத்து ஓட்டலில் கேட்டால் விடுவார்கள், ஆனால் எனக்கு அவசரம் வருகிற நேரத்தில் நாற்காலியில் யாராவது பாதி முகத்தோடு உட்கார்ந்திருப்பார். பாதி முகத்தை அப்படியே விட்டுவிட்டு எப்படிப் போவது? இவரை முடித்துவிட்டுப் போகலாம் என்று அடக்குவேன், முடிப்பதற்குள் அடுத்தவர் ஏறி உட்கார்ந்துவிடுவார், கொஞ்ச நேரத்தில் வந்த அவசரமும் அடங்கிவிடும், அப்பாடா என்றிருக்கும். தண்ணீர் குடித்தால்தானே இந்தத் தொல்லை என்று அதையும் குறைத்துக்கொண்டேன். இப்படியே பழகி, கடைசியில் வீட்டில் சாவகாசமாக உட்கார்ந்தாலும் வராது என்றாகிவிட்டது. முக்கி முக்கிப் பார்த்ததில் ஒரு நாள் ரத்தம் வந்தது. புற்றுநோய்தான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். டாக்டர் எந்த இடத்தைக் காட்டச் சொல்வார் என்பது தெரிந்ததால் டாக்டரிடமும் போகவில்லை, அம்மாவிடமும் வாய் திறக்கவில்லை. இங்கே வாங்கப்பா என்று நீ கூப்பிட்டபோதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று தட்டிக்கழித்தேனே, உங்களுக்கு என்னைப் பார்க்க மனசே இல்லை என்று நீ அழுதுகொண்டே போனை வைத்தாயே, காரணம் இதுதான். அந்நிய ஊரில் உன் கண் முன்னால் விழுந்துவிட்டால் நீ தனியாக என்ன செய்வாய் என்று பயம், வேறொன்றுமில்லை.

விழுந்தது கடையில். ஹெட்மாஸ்டர் வந்திருந்தார், சாயங்காலம் பள்ளிக்கூட ஆண்டு விழா, மேடையில் பேச வேண்டும் என்று அவசரப்படுத்தினார். ஒரு கன்னத்தை முடித்து மறு கன்னத்துக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தேன், அடிவயிற்றை முறுக்கிப் பிடித்தது பார், அப்படியே சுருண்டுவிட்டேன். மனுஷர் கழுத்தில் கட்டின துணியோடு என்னை ஆட்டோவில் ஏற்றி, தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாசலில் நின்ற நர்ஸ் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, உங்க ரெண்டு பேர்ல யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள். அதற்குள் உன் மாமா ஹார்ட் அட்டாக் என்று சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போன் போட்டுவிட்டார், உனக்கு மட்டும் சொல்லவிடாமல் அம்மா தடுத்துவிட்டாள். கட்டிலைச் சுற்றி ஒரே அழுகை. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாகப் போகவில்லை என்றார். நான் மேலே ஓடின மின்விசிறியைப் பார்த்தேன். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே, ஒரு நாள் தவறாமல் கடைக்குப் போறார் டாக்டர் என்றாள். டாக்டர் அம்மாவை மட்டும் இருக்கச் சொல்லி மற்றவர்களை வெளியே அனுப்பினார். எனிமா கொடுத்தார்கள். அதை விவரமாக எழுதவில்லை. வராந்தாவில் ஹெட்மாஸ்டர் ஒரு கன்னத்தில் நுரை காய்ந்த முகத்தோடு நம் சொந்தக்காரர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

வலி விட்ட பிறகு, ரத்தம் போகிறதா என்று டாக்டர் கேட்டார். அம்மா பக்கத்தில் நிற்கிறாள், பொய் சொல்ல வாய் வரவில்லை, ஆமாம் என்றேன். அதுவரை அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டாள். பெரிய டாக்டரிடம் அனுப்பி, குழாய் விட்டுப் பார்த்து, மூலம்தான், வேறு எதுவும் இல்லை, முக்கி வரவழைத்துக்கொண்டது என்று சொன்னார்கள். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அம்மா என்னைத் திட்டவில்லை. இத்தனை நாளும் தனியாவா பயந்துட்டு இருந்தீங்க என்று மட்டும் கேட்டாள். நான் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன்.

இப்போது காலையில் எழுந்ததும் அம்மா தண்ணீர் கொடுத்து, குடித்து முடிக்கிற வரை போலீஸ் மாதிரி எதிரிலேயே நிற்கிறாள். தினமும் கொய்யாவோ பப்பாளியோ ஏதாவது ஒரு பழம், தட்டில் பாதிக்குக் காய், சாப்பிட்ட பிறகு தெருக்கோடி வரை நடை. உட்காரும்போது காலுக்கடியில் ஒரு குட்டி ஸ்டூல் போட்டுக்கொள்கிறேன், முக்காமலே காரியம் முடிகிறது. போனை உள்ளே கொண்டுபோகக் கூடாதாம், பிடுங்கி வைத்துவிடுகிறாள். கடையில் வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் நான் எழுந்து போனாலும் போவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது என்று. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பாதிப் பேர் குரலைத் தாழ்த்தி, உங்களுக்கு எதில் சரியானது என்று கேட்கிறார்கள். நீயும் மற்றவர்களுக்கு முன்னால் கொஞ்சம் எழுந்துகொள். சத்தம் கேட்குமே என்று கூச்சமாக இருந்தால் குழாயைத் திறந்து விடு. வெளியே நிற்கிறவளுக்கும் அதே வேலைதானம்மா, அவள் என்ன பூ பறிக்கவா நிற்கிறாள்? வருகிறபோது போய்விடு, அடக்காதே. வலியோ ரத்தமோ இருந்தால் என்னை மாதிரி மூடி வைக்காமல் உடனே டாக்டரைப் பார், அம்மாவிடமும் சொல்.

உனக்கு லீவு எப்போது என்று தெரியப்படுத்து, நானும் அம்மாவும் கட்டாயம் வருகிறோம், இந்தத் தடவை தட்டிக்கழிக்க மாட்டேன். நோய் நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நீ நிறைவாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். ஒன்று மறந்துவிடாதே. இதையெல்லாம் போனில் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று சங்கடப்படாதே. இன்னைக்கு வேலை நல்லபடியா முடிஞ்சதுப்பா என்று மட்டும் சொல். எந்த வேலை என்று நான் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும்
அப்பா