வட்டம் போடாத டிக்கெட்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து ஒரே கேள்வி: "மேடம், போய்ச் சேர எத்தனை மணி நேரம்?" டிராவல்ஸில் சேர்ந்து பத்தொன்பது வருடம். நான் விமானத்தில் ஏறியதே இல்லை, ஆனால் எல்லா ஊர் நேரமும் மனப்பாடம். இன்று மூன்று பேருக்கு 00:20 விமானம். வழக்கம்போல நேரத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, "அஞ்சாம் தேதின்னு இருந்தா நாலாம் தேதி ராத்திரியே ஏர்போர்ட்ல இருக்கணும்" என்று தொண்டை வறளச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்கு மூச்சுத் திணறல். எழுதக்கூடத் தெம்பில்லை.

மார்ச் 6, வெள்ளி

தூக்கம் இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

ஆஸ்பத்திரி. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வர வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்கம்மா" என்றார்.

வெளிநாட்டில் இருக்கும் அக்காவுக்கு போன் செய்தேன். "ஒரே நாள்ல வந்துடுவேன்டி" என்று அழுதாள். ஆறு வருடமாகச் சொல்வதுதான். பெஞ்சில் உட்கார்ந்தபடி நானே டிக்கெட் போட்டேன். பதினான்காயிரம் கிலோமீட்டர். முதல் விமானம் பதினாலு மணி நேரம், நடுவில் ஆறு மணி நேரம் காத்திருப்பு, அடுத்தது நாலு. பன்னிரண்டாம் தேதி, 00:20. போனில் அனுப்பிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

காலை பத்து ஐம்பதுக்கு விமானம் கிளம்பியது. அங்கே நள்ளிரவு தாண்டி இருபது நிமிடம். போனில் குட்டி விமானம் நகர்வதை அப்பாவுக்குக் காட்டினேன். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். "பதினாலு மணி நேரமா? டிரைவர் எங்கம்மா டீ குடிப்பான்?" சிரித்தார். எத்தனை நாளாயிற்று! அப்புறம் அரை மணிக்கு ஒரு தரம், "வண்டி எங்க வருது?"

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"பெட்டி கட்டிட்டேன்டி. இன்னிக்கு ராத்திரி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பறேன்."

அவளுடைய விமானம் காலையிலேயே போய்விட்டது. வட்டம் போடவில்லை. வாயால் சொல்லவும் இல்லை. ஊருக்கெல்லாம் கத்தினேனே, கூடப் பிறந்தவளுக்கு ஒரு வார்த்தை — புத்தி எங்க போச்சு எனக்கு?

அடுத்த விமானத்தில் இடம் கிடைத்தது. சரியாக ஒரு நாள் தள்ளி.

உள்ளே போனேன். "வண்டி எங்க வருது?"

"பாதி தூரம் வந்துடுச்சுப்பா."

மார்ச் 13, வெள்ளி

"வந்துட்டாளா?" "வந்துக்கிட்டே இருக்காப்பா." காலை பத்து ஐம்பதுக்குப் பிறகு அது பொய்யில்லை.

மார்ச் 14, சனி

ஆறு மணிக்கு அப்பா போய்விட்டார். அக்கா இறங்க இன்னும் நாலு மணி ஐம்பது நிமிடம் இருந்தது.

முந்தின நாளே வந்திருந்தால் — வேண்டாம், கணக்குப் போடாதே.

மார்ச் 16, திங்கள்

துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம், "நான்தான் தேதியைச் சரியா பாக்கல" என்று அக்கா சொல்லி அழுகிறாள். நான் பக்கத்திலேயே வாயைத் திறக்காமல் நிற்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 29, ஞாயிறு

அக்கா நாளை மறுநாள் திரும்பிப் போகிறாள். பாத்திரம் கழுவும்போது சொல்லிவிட்டேன். "எல்லாருக்கும் வட்டம் போட்டுச் சொல்லுவேன். உனக்கு மட்டும் சொல்லலக்கா."

குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "அப்பா கடைசியா என்ன கேட்டார்?" என்றாள்.

"வண்டி எங்க வருதுன்னு."

உள்ளே போய்த் திரும்பும் டிக்கெட்டை எடுத்து வந்தாள். 01:40 விமானம். என் கைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை அதன் மேல் வைத்தாள்.

"போடு."

போட்டேன். கோணலாகத்தான் வந்தது.