கூம்பு வைத்த இடம்

ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். நாங்கள் நன்றாக இருக்கிறோம். அம்மா கத்துவது தெருக்கோடி வரை கேட்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நான் "ம்" என்று சொன்னது காதில் விழுந்ததா? அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு, "இந்த வாயில்லாப்பூச்சிகிட்ட என்ன பேசப்போறீங்க, நான் சொல்றேன் கேளுங்க" என்று ஆரம்பித்துவிட்டார். பிடுங்காமல் இருந்திருந்தாலும் நான் இன்னொரு "ம்"தான் சொல்லியிருப்பேன். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் தொண்டையில் ஒரு கதவு சாத்திக்கொள்ளுமே, அதேதான் போனிலும். அந்தக் கதவால்தான் ஒன்பதாவதோடு நின்றேன். எழுதும்போது மட்டும் அது திறந்து கிடக்கிறது.

ஒரு நல்ல செய்தி. எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. கடைத்தெருவில் பழைய கம்ப்யூட்டர்களைச் சரி செய்யும் கடை. நடத்துகிற அக்கா எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் முதலில் புறங்கையை வைத்துப் பார்த்து, "காய்ச்சல் அடிக்குது" என்பார். அதனால் எல்லோருக்கும் அவர் டாக்டரக்கா. நான் தூசி தட்டுவேன். பிறகு அந்தக் கம்ப்யூட்டர் தாங்கக்கூடிய பிரவுசரையும் வீடியோ பிளேயரையும் தேடிப் போட்டுக் கொடுப்பேன். யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்காகவே செய்து வைத்த மாதிரி வேலை.

புதிய பிரவுசர்கள் எல்லாம் உடம்பு பெருத்தவை அப்பா. பழைய கம்ப்யூட்டரில் ஏற்றினால் அதற்கு மூச்சு முட்டும். செருப்பு வாங்குகிற மாதிரிதான் தேட வேண்டும். பளபளப்பு வேண்டாம், கடிக்காமல் இருந்தால் போதும். நேற்று ஒரு டைப்பிஸ்ட் அம்மா வந்து, "மெலிஞ்சதா ஒரு இன்டர்நெட் போட்டுக் குடும்மா" என்று கேட்டார். டாக்டரக்கா சிரித்ததில் கையிலிருந்த ஸ்குரூ எல்லாம் கொட்டிவிட்டது. பிறகு தரையில் தவழ்ந்து பொறுக்கியது நான்தான்.

உங்கள் தங்கும் கொட்டகையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது என்று சொன்னீர்களே, அதன் ரேம் எவ்வளவு என்று பார்த்து எழுதுங்கள். எப்படிப் பார்ப்பது என்று பின்பக்கத்தில் படம் வரைந்திருக்கிறேன்.

உங்கள்
மகள்

*

ஜூன் 19

என் பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை மதியம் கூம்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். இப்போது ரோட்டில் ஒரு பக்கத்தை அடைத்துத் தார் போட்டுக்கொண்டிருக்கிறோம். காலையில் சிவப்புக் கூம்புகளை வரிசையாக வைப்பதும், அதைத் தாண்டி வருகிறவனைப் பார்த்துக் கத்துவதும், வேலை முடிந்ததும் எடுத்து அடுக்குவதும் என் பொறுப்பு. "கண்ணு தெரியலையா? கூம்பு வச்சிருக்குல்ல?" என்று நம் மொழியிலேயேதான் கத்துவேன். எல்லோருக்கும் புரிகிறது. கத்துவதற்கு மொழி எதற்கு?

நீ வேலைக்குப் போவது சந்தோஷம். நான் பக்கத்தில் இருந்திருந்தால் பள்ளிக்கூடத்தை விட விட்டிருக்க மாட்டேன் என்று இங்கே தினமும் சுவரிடம் சொல்லிக்கொள்கிறேன். சரி, அதை விடு.

நீ வரைந்த படத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். ரேம் 512 என்று காட்டுகிறது. என்னோடு தங்கியிருக்கும் கிரேன்காரர், "நம்ம ரெண்டு பேரு மூளையையும் சேத்தாலும் அவ்வளவு வராது" என்கிறார். பாட்டு ஓடுகிறது. ஆனால் பிரவுசரைத் தட்டினால் திறக்கிறது, திறக்கிறது, திறந்துகொண்டே இருக்கிறது. நான் குளித்துவிட்டு வந்து துணியைக் காயப்போட்ட பிறகும் திறந்துகொண்டே இருக்கிறது.

இன்னொரு விஷயம். என் ஒப்பந்தம் முடியப்போகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா, ஊருக்குப் போகிறாயா என்று கேட்கிறார்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். உன் அம்மா, "உங்க இஷ்டம்" என்கிறாள். அவள் அப்படிச் சொன்னால் அதில் ஏழெட்டு அர்த்தம் இருக்கும். உன்னிடம் கேட்டேன், நீ "ம்" என்றாய். அந்த "ம்"மை இங்கே வைத்துக்கொண்டு புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், பாப்பா. ஊருக்கு வந்தால் எனக்கு என்ன வேலை கிடைக்கும் என்று தெரியாது. ஆனால் நீ வா என்றால் வந்துவிடுவேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கேமரா போனை வேலைத்தளத்தில் அனுமதிப்பதில்லை. இல்லாவிட்டால் உன் முகத்தையாவது பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

உன்
அப்பா

*

ஜூலை 8

அன்புள்ள அப்பாவுக்கு,

லீவில் ஊருக்கு வந்திருந்த உங்கள் அறைக் கிரேன் மாமா, லீவு முடிந்து அங்கே கிளம்புகிறார். அம்மா அவரிடம் உங்களுக்குச் சொல்லச் சொன்ன புத்திமதிகளை எல்லாம் அவர் வழியிலேயே மறந்துவிடுவார். ஆனால் இந்தக் கடிதத்தையும் பென் டிரைவையும் மறக்க மாட்டேன் என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

அதில் நான்கு இருக்கின்றன. முதலாவது, மெலிந்த பிரவுசர். எத்தனையோ போட்டுப் பார்த்துக் கடைசியில் இதைப் பிடித்தேன். வீடியோ எல்லாம் இதில் ஓடாது. ஆனால் மெயில் திறக்கும். இரண்டாவது, தமிழில் தட்டச்சு செய்ய. மூன்றாவது ஒரு பிளேயர். சின்ன இடம்தான் எடுக்கும், எதைக் கொடுத்தாலும் ஓட்டும். இந்த மூன்றையும் வரிசையாகப் போட்டுவிடுங்கள்.

நான்காவது, 'அப்பாவுக்கு' என்று பெயர் வைத்த வீடியோ. அம்மா பக்கத்துத் தெருவுக்குத் தைத்த துணி கொடுக்கப் போனபோது, அம்மாவின் போனில் எடுத்தேன். என் முகம் இருக்காது, கோபித்துக்கொள்ளாதீர்கள். எடுத்து அழித்து, எடுத்து அழித்து, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் எடுத்து முடித்தேன். உங்கள் கம்ப்யூட்டர் திணறக்கூடாது என்று கடையில் வைத்துச் சுருக்கினேன். அது ஓடி முடியும்வரை டாக்டரக்காவை வெளியே போகச் சொல்லிவிட்டேன். "என் கடையில இருந்து என்னையே துரத்துறியா?" என்று சொல்லிக்கொண்டே போய் வாசலில் நின்றார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் அதில்தான் இருக்கிறது. அதைத் திரும்ப இங்கே எழுத மாட்டேன். கடைசிவரை பாருங்கள்.

உங்கள்
மகள்

*

ஜூலை 21

பாப்பா,

இந்தக் கடிதம் நீ கொடுத்த பிரவுசர் வழியாக வருகிறது. ஒற்றை விரலால் தட்டுகிறேன். 'ழ' எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் கிரேன்காரர் தூங்கியே போய்விட்டார். ஆனால் பிரவுசர் தட்டியதும் திறக்கிறது. என் மகள் போட்டது என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

வீடியோவைப் பார்த்தேன். மறுபடி மறுபடி பார்த்தேன். வாசல், நிலைக்கதவில் உன் உயரத்துக்கு நான் போட்ட கோடுகள், அம்மாவின் தையல் மிஷின், அதன் மேல் குவிந்த துணி. இன்னும் அந்த நாற்காலியின் காலை யாரும் சரி செய்யவில்லையா? பிறகு என் செருப்பு. நான் விட்டுவிட்டு வந்த இடத்திலேயே இருக்கிறது. கேமரா அங்கேயே ரொம்ப நேரம் நின்றது. கொஞ்சம் ஆடியது. கை வலித்ததோ?

கடைசிவரை பார், பதில் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். கடைசிவரை பார்த்தேன். நீ ஒரு வார்த்தையும் பேசவில்லை. பரவாயில்லை, பாப்பா. உன் மௌனம் எனக்குப் பழகியதுதானே. வீடு வீடாகத்தான் இருக்கிறது, எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக நடக்கிறது, கவலைப்படாமல் இருங்கள் என்று காட்டியிருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். வா என்று சொல்ல வேண்டுமென்றால் சொல்லியிருப்பாய் அல்லவா? நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வருஷம். ஓடிவிடும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நீ அனுப்பியதில் பிரவுசரையும் தமிழ் எழுத்தையும் போட்டுக்கொண்டேன். இன்னொன்றில் கூம்புப் படம் இருந்தது, சிவப்பும் வெள்ளையுமாக, நம்முடையது போலவே. அதை நான் தொடவில்லை. இன்னும் வேலை நடக்கிறது, உள்ளே வராதே என்று வைத்திருக்கிறார்கள் போல. கூம்பைத் தாண்டாதே என்று ஊரையெல்லாம் திட்டுகிறவன், நானே தாண்டலாமா? வேலை முடிந்ததும் சொல், எடுத்துவிடுகிறேன். வீடியோ ஏற்கனவே இருந்த பிளேயரிலேயே நன்றாக ஓடுகிறது.

உன்
அப்பா

*

ஜூலை 22

அன்புள்ள அப்பாவுக்கு,

மெயில் கிடைத்தது. 'ழ' எல்லாம் சரியாக விழுந்திருக்கிறது.

ஆமாம் அப்பா, நான் ஒன்றும் பேசவில்லை. கைதான் வலித்தது.

கூம்பைத் தொடாதது நல்லது. அதில் வேலை முடியவில்லை. நான் சொல்லும்வரை அப்படியே இருக்கட்டும். அந்த வீடியோ சரியாக வரவில்லை, அழித்துவிடுங்கள். வேறு நல்லதாக எடுத்து அனுப்புகிறேன்.

கையெழுத்துப் போட்டதை அம்மாவிடம் சொன்னேன். "அவர் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, தைத்து முடித்த ஜாக்கெட் ஒன்றைப் பிரித்துத் திரும்பவும் தைத்தார்.

கடையில் வேலை அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
மகள்

*

செப்டம்பர் 2

பாப்பா,

நீ அழிக்கச் சொன்னதை நான் அழிக்கவில்லை. எப்படி அழிப்பேன்? அதில் என் வீடு இருக்கிறது.

நேற்று விடுமுறை. கிரேன்காரர் யாரிடமோ ஒரு பழைய படம் வாங்கிக்கொண்டு வந்தார். அது கம்ப்யூட்டரில் ஓடவில்லை. எதையோ தேடிப்போய் உன் கூம்பைப் பார்த்துவிட்டு, "இதை ஏன்யா போடாம வச்சிருக்க?" என்றார். வேலை நடக்கிறது என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் மேல் கட்டிலில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். "யோவ், இது வீடியோ பிளேயருய்யா! கூம்பு அதைச் செஞ்சவங்க கடை போர்டு! கூம்பைக் கண்டாலே நீ பிரேக் போடுவியா?" என்று சொல்லிக்கொண்டே போட்டுவிட்டார். ஓடுகிறதா பார்க்கலாம் என்று முதலில் கைக்குக் கிடைத்ததைத் தட்டினார். அது உன் வீடியோ.

அறையில் எல்லோரும் இருந்தார்கள். ஒரு பெண் குரல் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் உன் அம்மா என்று நினைத்தேன். நான் கிளம்பும்போது உனக்கு இப்படிக் குரல் கிடையாது. குரல் எப்போது மாறியது? யாரும் எனக்குச் சொல்லவில்லையே.

படம் செருப்பிடம் வந்தபோது நீ பேசியது இது:

"அப்பா, செருப்பு இங்கதான் இருக்கு. அம்மா தினமும் தொடைச்சு வைக்கிறாங்க. கேட்டா, தூசிடின்னு சொல்றாங்க. நீங்க வந்துடுங்கப்பா. வேலை கிடைக்கலன்னா பரவால்ல. நான் போறேன்ல வேலைக்கு. நீங்க சும்மா வீட்ல இருங்க. நான் வரும்போது யாராவது, ஏன் லேட்டுன்னு கேக்கணும்."

எழுத்து எழுத்தாகப் போட்டுவிட்டேன். மனப்பாடம் ஆகிவிட்டது. கிரேன்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் எல்லோருமே போய்விட்டார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

இன்று காலை ஆபீசுக்குப் போனேன். மேற்பார்வையாளர் நல்லவர்தான். காகிதம் மேலே போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். திரும்பி வந்து கூம்பு வைத்தேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வேலை முடியவில்லை, தொடாதே என்று ஏன் எழுதினாய்? இந்த வேலையில் கூம்பை எடுக்கிற பொழுதுதான் எனக்கு நல்ல பொழுது. ரோடு திறந்துவிடும். இதில் எடுத்தபோது மட்டும் வேறு மாதிரி ஆகிவிட்டது.

உன்
அப்பா

*

செப்டம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். அதற்குப் பிறகு அது உங்கள் காதில் விழுந்தால், அங்கே எப்படி நாளைத் தள்ளுவீர்கள் என்று பயந்துதான் அப்படி எழுதினேன். வேறு ஒன்றுமில்லை.

உங்கள் பழைய பிளேயருக்கு என் படத்தை ஓட்டத் தெரிந்தது. நான் சுருக்கிய முறையில் சத்தத்தை ஓட்டத் தெரியவில்லை. டாக்டரக்காவிடம் சொன்னபோது, "படம் மட்டும் வந்து சத்தம் வராட்டி யாருக்குமே சந்தேகம் வருமே?" என்றார். என் அப்பாவுக்கு வராது என்றேன். என்னிடமிருந்து சத்தம் வராதது உங்களுக்குப் புதிதா என்ன? தப்பு என்னுடையது. 'கடைசிவரை பாருங்கள்' என்று எழுதினேன். 'கேளுங்கள்' என்று எழுதியிருக்க வேண்டும். அந்த வார்த்தை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்த மெயிலோடு இன்னொரு வீடியோ சேர்த்திருக்கிறேன். படம் முழுக்கக் கறுப்பாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று கிரேன் மாமாவைக் கூப்பிடாதீர்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசினேன். வெறும் கறுப்பு என்பதால் ரொம்பச் சின்னதாகச் சுருங்கிவிட்டது, உங்கள் பிரவுசர் மூச்சு வாங்காமல் இறக்கிவிடும். கூம்பில் போடுங்கள். இதைப் பார்க்க வேண்டாம். கேளுங்கள். நான் நிறையப் பேசியிருக்கிறேன். கடைக் கதை, நாற்காலிக் கால் கதை, அம்மாவோடு சண்டை போட்ட கதை எல்லாம் இருக்கிறது. நடுவில் இரண்டு இடத்தில் கதவு சாத்திக்கொண்டது. கொஞ்சம் காத்திருங்கள், திறந்துவிடும்.

கடைசியில் டப் டப் என்று ஒரு சத்தம் வரும். அது உங்கள் செருப்பு. சும்மா வைத்தே இருந்தால் தோல் விறைத்துவிடும் என்று, இப்போதெல்லாம் தினமும் அதைப் போட்டுக்கொண்டு வாசலில் கொஞ்சம் நடக்கிறேன். எனக்குப் பெரிது, அதனால்தான் அவ்வளவு சத்தம். இந்த முறை அம்மா வீட்டில் இருக்கும்போதே பதிவு செய்துவிட்டேன். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. செருப்புச் சத்தம் கேட்டதும் மிஷின் நின்றது. "யாரு... வந்துட்டீங்களா?" என்று அம்மா கேட்டது அதில் அப்படியே விழுந்திருக்கிறது.

நான் பதில் சொல்லவில்லை அப்பா. அது நீங்கள் சொல்ல வேண்டியது. செருப்பைக் கழற்றிப் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறேன்.

உங்கள்
மகள்