இறங்கக் கூடாது

9 ஜூன் 2025, திங்கள்

காலையில் வண்டியின் இடது முன்பக்கம் தரையோடு படுத்துக் கிடந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்கூட நுழையவில்லை. ஸ்டார்ட் செய்ததும் அடியில் கம்ப்ரஸர் உர்ரென்று ஓடி, பத்து நிமிஷம் கழித்து வேண்டாவெறுப்பாகத் தூக்கிவிட்டது. சீதா வாசலில் வாக்கரைப் பிடித்தபடி காத்திருந்தாள். "முதல் கிளாஸ் போச்சு. பசங்க சந்தோஷப்படுவா" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

10 ஜூன்

மெக்கானிக் சித்தையன் வீட்டுக்கே வந்து பார்த்தார். ராமாபுரத்துக்காரர், இந்தக் கன்னட ஊரிலும் என்னோடு தமிழ்தான். மற்ற வண்டிகளில் ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் இதற்கு ரப்பரால் ஆன காற்றுப் பை. சோப்புத் தண்ணீர் அடித்ததும் நுரை கொப்பளித்தது.

"ரப்பரு விண்டு போச்சுங்க. நாலுக்கும் வயசாயிருச்சு. ஒண்ண மாத்துனா அடுத்தது போகுமுங்க."

"தினம் காலைல இதோட மல்லுக்கட்ட முடியாது. வண்டி இறங்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றேன்.

புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கு எதுக்குங்க இத்தனை பெரிய வண்டி என்று கேட்டார். மழுப்பிவிட்டேன். சீதா ஜன்னல் ஓரத்தில் இருந்தாள். அவள் கால் விஷயத்தை வெளியாரிடம் பேசினால் அவளுக்கு ஆகாது.

12 ஜூன், வியாழன்

வண்டி சித்தையன் ஷெட்டில். பக்கத்து வீட்டு தீபக் தன் சின்னக் காரில் சீதாவைக் கல்லூரிக்குக் கூட்டிப்போனான். நானும் போனேன். உட்கார்ந்துவிட்டாள். அங்கே போனதும் எழுந்திருக்க முடியவில்லை. இருக்கை அவ்வளவு தாழ்வு. இரண்டு அட்டெண்டர்கள் கை நீட்டினார்கள். "யாரும் தொட வேண்டாம்" என்றாள். போர்ட்டிகோவில் மாணவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கால் மணி நேரம் முயற்சி செய்தாள். பிறகு, "ஆத்துக்குப் போலாம்" என்றாள். இறங்காமலே திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் தலையணைகளை ஒவ்வொன்றாக அடியில் செருகிக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் தானே எழுந்தாள்.

சித்தையனிடம் சொல்லாததை இங்கே எழுதலாம். தசை நோய். காலைத் தரையிலிருந்து அதிகம் உயர்த்த முடியாது. தாழ்ந்த காரிலிருந்து எழ முடியாது, உயர்ந்த காரில் ஏற முடியாது. இந்த வண்டியில் மட்டும் ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் காற்றை விட்டு, இருக்கை அவள் இடுப்பு உயரத்துக்கு வந்து நிற்கும். பின்பக்கமாகச் சாய்ந்து, உட்கார்ந்து, கைப்பிடியைப் பற்றித் திரும்பிக்கொள்வாள். "நமக்கும் ஒரு அம்பாரி யானை. மண்டி போடறது பாருங்கோ" என்பாள். மூன்று வருஷமாக யாரும் அவளைத் தூக்கியதில்லை. நான் உட்பட.

13 ஜூன்

ஆபீஸில் ஆடிட். நடுவில் சித்தையன் போன்: "காத்துப் பை வர ரெண்டு மாசமாகுமுங்க. வேற மாதிரி போட்டுர்றனுங்க. அப்புறம் எறங்கவே எறங்காது." சரி, போடுங்கள் என்றேன். வேறு கம்பெனி பை என்று நினைத்துக்கொண்டேன்.

16 ஜூன், திங்கள்

வண்டி வந்தது. நாலு பக்கமும் நிமிர்ந்து, புதுசு போல. சீதா புடவை கட்டி, பையோடு நின்றாள். பட்டனை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். மறுபடி.

சித்தையனைக் கூப்பிட்டேன். "அது வேலை செய்யாதுங்க. உள்ள காத்தே இல்லீங்களே. இரும்பு ஸ்பிரிங்கு போட்டிருக்கறன். நீங்கதானுங்க எறங்கக் கூடாதுன்னீங்க?"

நான்தான் சொன்னேன். போனிலும் சரி என்றேன். தானா இறங்கக் கூடாதுன்னு சொல்லத் தெரியலையே எனக்கு. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. எதுக்கு வாய் இருக்கு?

சீதா உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டாள்.

17 ஜூன்

ஷெட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சித்தையன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். திட்டியிருந்தால் தேவலை. பழைய பைகளைக் கழற்றும்போதே கிழிந்துவிட்டனவாம். புதியவை ஆகஸ்டில்தான்.

சாயங்காலம் பிரின்சிபால் போன் செய்தார். மேடம் ஓய்வு எடுத்துக்கொள்ளட்டும், வியாழக்கிழமையும் வர முடியாவிட்டால் இந்த செமஸ்டருக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்று நல்லவிதமாகத்தான் சொன்னார்.

"ஒரு தரம் வேற ஆள் வந்தாச்சுன்னா அப்புறம் நான் ஏது?" என்றாள் சீதா.

18 ஜூன்

தச்சனிடம் நாலு அங்குலத்தில் படி செய்துவந்தேன். அவள் கால் அதற்கும் எழவில்லை. தன் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், யாருடையதோ போல. நான் தூக்கட்டுமா என்று கேட்டேன்.

"மூட்டை மாதிரி ஏத்த வேண்டாம்."

போன மாதம் நாலு அங்குலம் எழுந்த கால்தானே? இல்லை, அதுவும் நான் கவனிக்கவில்லையா?

19 ஜூன், வியாழன்

எட்டரைக்கு வாசலுக்கு வந்தாள். தூறல். வாக்கரை ஓரமாக நகர்த்திவிட்டு வண்டிமேல் சாய்ந்து நின்றாள். என்னைப் பார்க்காமல், "தூக்குங்கோ" என்றாள்.

எதிர்வீட்டு கௌரம்மா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவர், துடைப்பத்தோடு உள்ளே போய்விட்டார்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது, இடுப்பு வலி வேறு. முடியுமா என்று பயம். காலை அகட்டி ஊன்றி, மூச்சைப் பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துத் தூக்கினேன். அவள் தலை வண்டிக் கூரையில் இடித்திருக்கும். அவ்வளவு வேகமாக மேலே வந்துவிட்டாள். கஷ்டமே இல்லை. கையில் ஒன்றுமே இல்லை. எப்போ இப்படி ஆனா? தினமும் பக்கத்திலேயேதானே இருக்கேன்.

இருக்கையில் வைத்து, பெல்ட்டைப் போட்டுவிட்டேன். "ரொம்ப கனக்கறேனா?" என்றாள்.

"இடுப்பு ஒடிஞ்சது" என்றேன்.

கல்லூரி போகிறவரைக்கும் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு வந்தாள்.