தண்ணீருக்குப் பயந்த கொக்கு

செவ்வாய், 3 ஜூன்

காலையிலிருந்து காற்று. இரண்டு தடவை தூறல். துணியை எடுப்பதும் மறுபடி காயப்போடுவதும் என் வேலை. பிரஷர் மாத்திரை இன்னும் பன்னிரண்டு.

இன்றும் பார்த்தேன். எழுதவே கூச்சம். பி.ப. 4.45 முதல் 5.10 வரை, சிங்களத்தில் ஓடும் சிறுவர் கார்ட்டூன். குளக்கரையில் ஒரு கொக்கு. அதற்குத் தண்ணீர் என்றால் பயம். மற்றக் கொக்குகள் மீனைக் கொத்திக்கொண்டே "நீ சாப்பிடவில்லையா?" என்று கேட்கும். "இப்போதுதான் சாப்பிட்டேன்" என்று இது சொல்லும். அவ்வளவுதான் கதை. எழுபத்திரண்டு வயதில் இதற்காக உட்கார்ந்திருக்கிறேன்.

பேத்தி நிரோ ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை வீட்டில் டிவி கிடையாது என்று மருமகள் ஸ்டெல்லா சொல்லிவிட்டாள். உக்குவளையில் எங்கள் பாதையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீடெல்லாம் அப்படித்தான். "மாமா, உங்களுக்குக் கஷ்டமில்லையே?" என்று கேட்டாள். "எனக்கென்ன, நியூஸ் பேப்பர்ல வருதே" என்றேன். ரிமோட்டைக் கைப்பையில் போட்டு வேலைக்குக் கொண்டுபோகிறாள். டிவியின் கீழ் விளிம்பில் பொத்தான்கள் இருப்பது அவளுக்கு நினைவில்லை. எனக்கு இருந்தது.

வியாழன், 5 ஜூன்

வெயில். தேங்காய் ஒன்று, சவர்க்காரம் ஒன்று.

ஏன் பிடிக்கிறது என்று ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

1. கோடு. முப்பத்தைந்து வருடம் நில அளவை வரைபடம் வரைந்தவன் நான். கொக்கின் காலை ஒரே இழுப்பில் போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டில் ஒரு நடுக்கம். வேண்டுமென்றே போட்ட நடுக்கம்.
2. சத்தம் குறைவு.
3. யாரும் சாவதில்லை.
4. பொய் சொல்லும்போது கொக்கு கழுத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்கிறது. பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவை காரணங்களா, சாக்குகளா?

கடைக்கார நானாவிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன், பெரிய ஆட்களும் கார்ட்டூன் பார்ப்பதுண்டா என்று. "எங்கட சாச்சா ஒருத்தர் பாப்பாரு சேர். ஆனா அவருக்கு மண்ட கொஞ்சம் சரியில்ல." சும்மா கேட்டேன் என்று சொல்லி வந்துவிட்டேன். தேங்காயைக் கடையிலேயே விட்டுவிட்டேன். திரும்பிப் போகக் கூச்சம்.

திங்கள், 9 ஜூன்

மழை. வழக்கமாக ஆறு மணிக்கு வரும் மருமகள் இன்று ஐந்தரைக்கே வந்துவிட்டாள். முதல் வேலையாக டிவியின் முதுகில் கை வைத்தாள். பழைய பெட்டி டிவி. இருபது நிமிடம் ஓடினாலே சுடும், சீக்கிரம் ஆறாது.

நிரோ டியூஷன் முடிந்து வந்து பத்து நிமிடம்தான். காலிலிருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"சூடா இருக்கு. யாரு போட்டது?"

"சத்தியமா நான் இல்லம்மா."

"அப்ப யாரு? மேல படத்துல இருக்கிற மாதா இறங்கி வந்து கார்ட்டூன் பாத்தாங்களா? இல்ல, தாத்தா பாத்தாரா?"

கோடு போடும் அடிமட்டத்தால் நிரோவின் உள்ளங்கையில் இரண்டு அடி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க குடுக்கிற செல்லம்தான்."

அதே அறையில் இருந்தேன். பேப்பர் கையில். ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு காரணமும் எழுத வரவில்லை.

செவ்வாய், 10 ஜூன்

பார்க்கவில்லை. 4.45க்கு எழுந்து ரயில் பாதைவரை நடந்துவிட்டு வந்தேன்.

சொல்ல வேண்டியதை மூன்று வாக்கியமாக ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்தேன். மருமகள் தேத்தண்ணீர் குடிக்கும்போது சொன்னேன்.

"ஸ்டெல்லா, நேத்து டிவி போட்டது நான். நிரோ இல்ல."

சிரித்தாள். "சும்மா இருங்க மாமா. பேத்தியக் காப்பாத்த இந்த வயசுல பொய் சொல்லப் பழகுறீங்களா?"

நம்ப வைக்க வேண்டுமே. கொக்கின் கதையை முதலிலிருந்து சொன்னேன். தண்ணீர்ப் பயம், ஆமை நண்பன், குளம் வற்றியபோது கொக்கு ஒரு நாள் மட்டும் சந்தோஷமாக இருந்தது, எல்லாம். இந்த வீட்டில் நான் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதே இல்லை. கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

"இவ்வளவும் அவ உங்களுக்குச் சொல்லியிருக்காளா? அப்ப ஒரு நாள், ரெண்டு நாள் இல்ல. மாசக்கணக்கா என்னை ஏமாத்தியிருக்கா."

அங்கேயே அக்காவுக்கு போன். "அக்கா, சோதினை முடியிற வரைக்கும் பிள்ளைய உங்ககிட்ட வச்சுக்கங்க. இங்க சரிவராது."

நான் வாய் திறக்காமல் இருந்தபோது இரண்டு அடி. வாய் திறந்ததற்கு இது.

புதன், 11 ஜூன்

மூட்டம். முழங்கால் வலி.

கொழும்பில் வேலை செய்யும் மகனுக்கு போன் எடுத்தேன். "அப்பா, நீங்க ஏன் இதுல தலையிடுறீங்க? ஸ்டெல்லா பாத்துக்குவா."

கார்ட்டூன் பார்த்தது நான்தான் என்றேன். கொக்கைப் பற்றியும் சொன்னேன்.

"சரிப்பா. மாத்திரை எல்லாம் ஒழுங்காப் போடுறீங்களா?"

நிரோ என்னிடம் பேசவில்லை. கோபமா, களைப்பா? இரண்டு தடவை அவள் மேசைவரை போனேன். பின்னக் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். தொந்தரவு வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

சனி, 14 ஜூன்

மருமகளுக்கு வேலை. நிரோவை மாத்தளையில் அவள் பெரியம்மா வீட்டில் விட்டு வரும் பொறுப்பு எனக்கு. உடுப்புப் பை 1, பாஸ்ட் பேப்பர் (பழைய வினாத்தாள்) கட்டு 1, தலையணை 1. மாத்திரையும் வாங்க வேண்டும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கொடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

"நீங்கதானே தாத்தா?"

"ஆமா."

"எனக்குத் தெரியும். அடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்."

தலையணையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"பாக்காமலே அடி வாங்கியிருக்கேன். கதையையாவது சொல்லுங்க."

சொன்னேன். மாத்தளை பஸ் நிலையம் வரும்வரை. கழுத்தைத் திருப்புவதை நடித்துக்கூடக் காட்டினேன். முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். நிரோ சிரிக்கவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா தாத்தா?"

கொக்கின் கால் கோட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் எல்லோரும் இறங்க எழுந்துவிட்டார்கள்.

பெரியம்மா வீட்டுக் கேட்டில் மணி அடிக்கப் போனேன். நிரோ என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உள்ள வந்து, நீங்கதான் பாத்தீங்கன்னு பெரியம்மாகிட்டச் சொல்லிராதீங்க. இங்கயும் நான்தான் மாட்டுவேன்."

சரி என்றேன். மணியை அவளே அடித்தாள்.