சுக்கு மறுபடி உறுமிய நாள்

அப்பா,

உங்கள் நீலக்கட்டம் போட்ட சட்டையை அம்மா இன்று மூன்றாவது முறையாகத் துவைத்தாள். காய்ந்த பிறகும் அதன் பையில் மூக்கை வைத்தால் நெத்திலிக் கருவாட்டு வாசனை அடிக்கிறது. "யாருக்காவது குடுக்கலாம்னு பாத்தா, இத எவன் போடுவான்?" என்று சலித்துக்கொண்டு மடித்து உங்கள் பீரோவிலேயே வைத்துவிட்டாள். கொடுக்க மனசில்லை, பழியைக் கருவாட்டின் மேல் போடுகிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பைக்குள் கருவாடு எப்படி வந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நீங்கள்தான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

சுக்கு நம் வீட்டுக்கு வந்ததே உங்களால்தான். கோரையாற்றங்கரையில் ஒரு சாக்கு தானாக நெளிவதைப் பார்த்து, கட்டை அவிழ்த்தவர் நீங்கள். வேண்டாத நாயைச் சாக்கில் கட்டி, ஆற்றுக்கு மறுகரையில் கொண்டுபோய் விட்டுவிடுவது நம் பக்கத்து வழக்கம். தண்ணீரைத் தாண்டிவிட்டால் மோப்பம் பிடித்துத் திரும்பி வராது என்று ஒரு நம்பிக்கை. அக்கரைக்காரர்கள் நம் கரையில் விடுவார்கள், நாம் அவர்கள் கரையில் விடுவோம். "என்னடா இது, காஞ்ச சுக்கு மாதிரி சுருங்கிக் கெடக்கே" என்று அந்தக் குட்டியைத் துண்டில் சுருட்டிக்கொண்டு வந்தீர்கள். பெயரும் அதோடு வைத்தாகிவிட்டது.

வளர்ந்ததும் உறுமத் தொடங்கினான். எல்லாரிடமும் இல்லை. உரம் இறக்க வருகிறவர், தவிடு கொண்டுவருகிறவர், அறுப்புக் காலத்தில் நீங்கள். எல்லார் தோளிலும் சாக்கு இருந்தது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. நெல் விளைகிற ஊரில் சாக்கை யார் கவனிப்பார்கள்? உறுமும்போதெல்லாம் தென்னை மட்டையால் ஒன்று வைத்தீர்கள். நானும் யோக்கியம் இல்லை, ஒருமுறை செருப்பை வீசினேன். கொஞ்ச நாளில் உறுமல் நின்றது. "பாத்தியா, வழிக்குக் கொண்டாந்துட்டேன்" என்று மீசையைத் தடவினீர்கள். ஊரே பாராட்டியது.

அந்த வருஷம்தான் நான் திருச்சி ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு பெட்டியோடு வந்து நின்றேன். மூன்றாம் வருஷ இன்ஜினியரிங், பாதியில். விட்டுவிட்டு வரப்போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு வீட்டில் உறுமுகிறவர் நீங்கள் மட்டும்தான். காலையில் ஒரு தடவை, சோறு போடும்போது ஒரு தடவை. நானும் சளைக்காமல் பதில் கொடுத்தேன்.

தையில் சம்பா அறுப்பு. மெஷின் வந்து அறுத்து, நெல் களத்தில் குவிந்து கிடந்தது. நீங்கள் குனிந்து ஒரு காலிச் சாக்கை எடுத்து, பக்கத்தில் படுத்திருந்த சுக்குவின் தலைக்கு மேல் படாரென்று உதறினீர்கள். அவன் சத்தமே போடவில்லை. எழுந்தான், உங்கள் இடது முன்கையைக் கவ்வினான், விட்டான். பிறகு டிராக்டருக்கு அடியில் போய் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரியில் கையைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவி, ஊசி போட்டு, "நாயக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பாருங்க, ஏதாச்சும் மாறுதல் தெரிஞ்சா ஒடனே வாங்க" என்றார்கள். திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து சொன்னீர்கள்: "பத்து நாள் பாக்குறேன். பதினோராம் நாளு அவன் அக்கரை."

நான் அன்றைக்கே கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த டாக்டரம்மா ஏதோ எழுதிக்கொண்டே கேட்டார்.

"கடிக்கிறதுக்கு முன்னாடி உறுமினானா?"

"இல்ல மேடம்."

"எப்பவுமே உறுமாதா?"

"முன்னாடி உறுமுவான். அடிச்சு நிறுத்திட்டோம்."

பேனாவைக் கீழே வைத்தார். "பயமா இருக்கு, தள்ளிப் போன்னு சொல்ல அவன்கிட்ட இருந்தது அது ஒண்ணுதாம்மா. அதப் புடுங்கிட்டீங்க. மிச்சம் பல்லுதான் இருக்கு."

வழியெல்லாம் யோசித்தேன். உரக்காரர், தவிட்டுக்காரர், நீங்கள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது எல்லாம் சாக்கால்தான் என்று புரிந்தது. உங்களிடம் ஓடிவந்து சொன்னேன். "அப்ப குட்டியா இருந்தான்டி. அதெல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்றீர்கள். ஆனால் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

டாக்டரம்மா சொன்ன வழி சுலபமானது, பொறுமைதான் வேண்டும். எனக்கு அது கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். சுக்குவை நீளக் கயிற்றில் கட்டி, போர்செட் பக்கம் தூரத்தில் ஒரு சாக்கை மடித்து வைத்தேன். அவன் அதைப் பார்த்ததும் கருவாடு. சாக்கை எடுத்து மறைத்ததும் கருவாடு கிடையாது. அவன் உடம்பு தளர்ந்திருந்தால் மறுநாள் ஒரு எட்டு கிட்டே. விறைத்தால் இரண்டு எட்டுப் பின்னால். முதல் நாள் அவசரப்பட்டு நாலு எட்டுக் கிட்டே கொண்டுபோனேன். கருவாட்டைத் தொடவே இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்றைய பாடு வீண்.

நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் கமெண்ட் கொடுத்தீர்கள்.

"கடிச்சவனுக்குக் கருவாடு. கடி வாங்குனவனுக்கு ரசம். நல்லா இருக்குடி ஓன் நியாயம்."

சுக்கு மூக்கை நக்கிக்கொண்டு பெரிதாக ஒரு கொட்டாவி விட்டான்.

"மகராசனுக்குத் தூக்கம் வேற வந்துடுச்சு."

"தூக்கம் இல்லப்பா, பயம். தாசில்தார் ஆபீசுல நீங்க காத தடவிக்கிட்டே நிப்பீங்கல்ல, அது மாதிரி."

"நான் எப்படி தடவுனேன்?"

"இப்பத் தடவுறீங்களே, அப்படித்தான்."

கையைச் சட்டென்று காதிலிருந்து எடுத்தீர்கள். அம்மா உள்ளே சிரித்தது வாசல்வரை கேட்டது.

எட்டாம் நாள் கருவாட்டு டப்பாவில் அளவு குறைந்திருந்தது. பூனை என்று நினைத்தேன். ஒன்பதாம் நாள் மத்தியானம் கடைக்குப் போய்த் திரும்பியபோது வைக்கோல் போருக்குப் பின்னால் உங்கள் முதுகு தெரிந்தது. சுக்குவைப் பார்க்காமல், அவன் கயிறு எட்டாத தூரத்தில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தீர்கள். நேராகப் பார்த்தால் அவன் மிரளுவான் என்று நான் சொன்னபோது "ஆமா, அவரு பெரிய மாப்ள" என்று கேலி செய்தவர் நீங்கள்தான். தொடைக்குக் கீழே மடித்த சாக்கு. கை சட்டைப் பைக்குப் போகிறது, ஒரு நெத்திலி பறக்கிறது, சுக்கு தின்கிறான். மறுபடி கை, மறுபடி நெத்திலி.

பிறகு சாக்கைக் கொஞ்சம் வெளியே இழுத்தீர்கள். சுக்கு உறுமினான்.

வெகு நாளைக்குப் பிறகு கேட்ட சத்தம் அது, அடித்தொண்டையிலிருந்து. உங்கள் வலது கை பழக்கத்தில் மேலே போனது. அந்தக் கை இறங்கியிருந்தால் ஒன்பது நாளும் போச்சு, பதினோராம் நாள் அவன் அக்கரையில்தான். கை அப்படியே நின்றது. அப்புறம் மெதுவாகக் கீழே வந்து சாக்கைப் பின்னால் தள்ளியது.

"சரிடா. சரி. எடுத்துட்டேன். போதுமா?"

சுக்கு உறுமலை நிறுத்திவிட்டு உடம்பை ஒரு தடவை உதறினான். நனைந்த நாய் தண்ணீரை உதறுவதுபோல. அவன் பயத்தை இறக்கி வைத்தால் அப்படித்தான் செய்வான். நான் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டேன். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்.

"சும்மா உக்காந்திருக்கேன்" என்றீர்கள். "காத்து நல்லா வருது."

பதினோராம் நாள் யாரும் அக்கரைப் பேச்சை எடுக்கவில்லை. இட்லி தின்று முடித்துக் கை கழுவும்போது, "அந்தக் கயிறு இத்துப் போச்சு, நல்ல கயிறா ஒண்ணு வாங்கிட்டு வா" என்றீர்கள், அவ்வளவுதான். இன்றும் சாக்கை உதறினால் அவனுக்குப் பிடிக்காது. அறுப்பு நாட்களில் கொல்லைப் பக்கம் கொண்டுபோய்க் கட்டிவிடுகிறோம். எல்லாப் பயமும் போய்விட வேண்டும் என்று என்ன கட்டாயம்? சொல்ல விட்டால் போதும். சொன்னால் கேட்டால் போதும்.

அதற்கு ஒரு மாதம் கழித்து உளுந்து வயலைப் பார்க்க நாம் இருவரும் வரப்பில் போனோம். நடுவில் நின்றீர்கள். முகத்தைப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு கேட்டீர்கள்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆனா ஒனக்கு வயித்த வலிக்கும்ல. ஹாஸ்டலுக்குக் கெளம்பற நேரத்துல."

"ம்."

"நடிக்காத, பஸ்ஸ புடின்னு வெரட்டுவேன்ல."

"ஆமா."

"அது உறுமலா?"

"ஆமாப்பா" என்றேன்.

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல புள்ள."

"சொன்னேன்ப்பா."

வரப்பு ஓரத்து மண்கட்டியைக் காலால் தட்டி உடைத்தீர்கள். "ஆமா. சொன்ன" என்றீர்கள்.

அதற்குப் பிறகும் நமக்கு மூன்று வருஷம் கிடைத்தது. நீங்கள் கத்துவதை விடவில்லை. ஆனால் கத்திக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்திவிட்டு, "மழ வருமோன்னு பயமா இருக்குடி" என்பீர்கள். அந்தப் பாதியில் நிற்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். போன ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அதை மட்டும் பாதியில் நிறுத்த முடியவில்லை.

இப்போது நாய் கடிக்கிறது என்று என்னைக் கூப்பிடுகிறார்கள், அப்பா. நீடாமங்கலத்தைத் தாண்டியும் போகிறேன். "எப்பக் கடிச்சான்?" என்று நான் முதலில் கேட்பதில்லை. "அதுக்கு முன்னாடி என்ன சொன்னான்?" என்று கேட்கிறேன். பாதிப் பேர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். மீதிப் பேர் யோசிக்கிறார்கள்.

இன்று குத்தாலத்திலிருந்து ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். ஸ்கூட்டரை எடுக்கும்போது அம்மா ஆரம்பித்தாள். பொம்பளப் புள்ள, ஊர் ஊரா நாய் பின்னாடி சுத்துது, படிச்சிருந்தா இந்தப் பாடு உண்டா. எனக்கு நாக்கு நுனிவரை பதில் வந்துவிட்டது. வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினேன்.

"எதுக்கும்மா பயப்படுற?"

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீ எங்க இருக்கன்னே தெரியமாட்டேங்குதுடி. அவரும் இல்ல. யாரக் கேப்பேன்?"

குத்தாலம் போய் இறங்கியதும், அந்த வீட்டு நாயைப் பார்ப்பதற்கு முன்னால், அவளுக்கு போன் பண்ணினேன்.